ஒரு நகரம், ஒரு நூற்றாண்டு, ஓர் ஓவியம்: இத்தாலிய வரலாறும் ஐரோப்பியக் கலையும் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இத்தாலிய வரலாறு படிக்க வேண்டும், ஐரோப்பிய ஓவியங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக இரண்டு புத்தகம் வாங்குவார்கள். ஒன்று, ரோமானியர் காலத்தில் தொடங்கி முசோலினி வரை வரும் எண்ணூறு பக்க வரலாறு. இன்னொன்று, குகை ஓவியத்தில் தொடங்கும் நாலு கிலோ கலைநூல். இரண்டுமே நல்ல புத்தகமாக இருக்கலாம். ஆனாலும் நூறு பக்கம் போவதற்குள் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும். படங்கள் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். படிப்பவர் மீது குற்றமில்லை, தொடங்கிய இடம்தான் சரியில்லை.

எல்லையைச் சுருக்குங்கள்

இத்தாலி என்ற ஒரே நாடு 1861 மார்ச் 17 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. வெனிஸ் 1866-இல் சேர்ந்தது, ரோம் 1870-இல். அதற்கு முந்தைய ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு அங்கே இருந்தவை தனித்தனி நகர அரசுகளும் சிற்றரசுகளும் போப்பின் நிலங்களும்தான். வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேகூட அப்போது கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை ஆண்ட தனிக் குறுநாடு. எனவே ‘இத்தாலிய வரலாறு’ என்று மொத்தமாகத் தொடங்கினால் ஒரே நேரத்தில் பத்து நாடுகளின் கதையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

ஃபுளோரன்ஸில் தொடங்குங்கள். காலம் 1400 முதல் 1500 வரை. புகழை வைத்து இதைச் சொல்லவில்லை. ஓவிய ஒப்பந்தங்கள், வரிக் கணக்குகள், குடும்ப நாட்குறிப்புகள், வங்கிப் பேரேடுகள் என்று அந்த நகரத்தின் காகிதம் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1427-இல் ‘கதாஸ்தோ’ என்ற வரிக் கணக்கெடுப்பு நடந்தபோது ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் சொத்து, கடன், வீட்டில் உள்ளவர்களின் வயது எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மசாச்சோ என்ற இளம் ஓவியர், அம்மாவோடும் தம்பியோடும் வாழ்வதையும் தன் கடன்களையும் அதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். 1457-ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தோனியோ என்பவர் தன் வீட்டில் ஐந்து வயதுப் பேரன் இருப்பதாகக் காட்டுகிறார். அந்தப் பேரன் லியோனார்டோ டா வின்சி. வரலாறும் கலையும் ஒரே காகிதத்தில் சந்திக்கும் இடம் இது.

பெயரும் தேதியும்: முதல் வாரத்திலேயே தீர்க்க வேண்டியவை

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு வாரம் ஒதுக்கி இதைச் சரிசெய்துகொண்டால் பிறகு வேகமாகப் போகலாம்.

பெயர்களைக் கண்டு தமிழர்கள் மிரளத் தேவையில்லை. ஊர்ப் பெயர், அப்பா பெயர், பட்டப்பெயர் மூன்றையும் சேர்த்து வைக்கும் வழக்கம் நமக்கும் உண்டு. ‘டா வின்சி’ என்றால் வின்சி ஊர்க்காரர். அது குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே நல்ல நூலின் சொல்லடைவில் அவரை லியோனார்டோ என்ற பெயரில்தான் தேட வேண்டும். ‘தி’ என்று வந்தால் இன்னாருடைய மகன். பொத்திச்செல்லி என்பது பட்டப்பெயர். இயற்பெயர் அலெஸ்ஸாந்த்ரோ தி மரியானோ ஃபிலிப்பெப்பி. காரவாஜோ என்பது ஊர். ஆளின் பெயர் மைக்கேலாஞ்சலோ மெரிசி. சிஸ்டைன் கூரையை வரைந்த மைக்கேலாஞ்சலோ வேறு, அவர் புவோனாரோத்தி.

ஃபுளோரன்ஸில் ஆதிக்கம் செலுத்திய வங்கிக் குடும்பமான மெதிச்சி குடும்பத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். குறைந்தது இந்த நால்வரைப் பிரித்து எழுதி வையுங்கள். மூத்த கோசிமோ (1389–1464), வங்கிக்காரர். முதலாம் கோசிமோ (1519–1574), டியூக். ‘மகத்தான’ லொரென்சோ, 1492-இல் இறந்தவர். அவருடைய பேரன் லொரென்சோ, 1519-இல் இறந்த உர்பினோ டியூக். மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ நூல் காணிக்கையாக்கப்பட்டது பேரனுக்கு. தாத்தாவுக்கு என்று எண்ணிப் படித்தால் நூலின் அரசியல் முழுக்கத் தலைகீழாகிவிடும்.

உச்சரிப்புக்கு ஒரு வழி: பெயர்களைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழ் இதற்கு வசதி. இத்தாலியில் இரட்டித்த மெய்யை அழுத்தித்தான் சொல்வார்கள். ‘ஜிஎன்’ எழுத்துக் கூட்டு நம் ‘ஞ்ஞ’. ‘சிஹெச்’ வந்தால் ‘க’. ஆகவே புருனெல்லெஸ்கி, மாந்தேஞ்ஞா, சிஞ்ஞோரியா. வாய்க்கு வந்துவிட்ட பெயர் மனதிலும் நிற்கும்.

தேதியில் உள்ள சிக்கல் இன்னும் ஆழமானது. ஃபுளோரன்ஸில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. 1750-இல்தான் ஜனவரி 1-க்கு மாறினார்கள். அதனால் பழைய ஆவணத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான எந்தத் தேதிக்கும் ஓராண்டு கூட்ட வேண்டும். மைக்கேலாஞ்சலோ பிறந்ததை அவர் தந்தை 1474 மார்ச் 6 என்று குறித்து வைத்தார். நம் கணக்கில் அது 1475. இரண்டு நூல்கள் ஓராண்டு வித்தியாசமாகச் சொன்னால் உடனே அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள். கவனமான ஆசிரியர்கள் ‘1474/75’ என்று எழுதுவார்கள். வெனிஸில் ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கியது. பைசாவிலும் மார்ச் 25 தான், ஆனால் ஓராண்டு முன்கூட்டியே எண்ணினார்கள்.

இந்தக் கணக்கு தெரிந்தால் சில செய்திகள் தாமே ஒளிவிடும். ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் பெருங்குவிமாடம் 1420-இல் தொடங்கியது. போப் அந்த ஆலயத்தை அர்ப்பணித்த நாள் 1436 மார்ச் 25. அன்று அந்த ஊருக்குப் புத்தாண்டு.

இன்னொன்று: ‘குவாத்ரொசெந்தோ’ என்றால் ‘நானூறு’, அதாவது 1400-கள், நம் வழக்கில் 15-ஆம் நூற்றாண்டு. ‘சின்குவெசெந்தோ’ 1500-கள். இதில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ படித்துவிட்டால் நூறு ஆண்டு தவறிப்போகும்.

மூன்று புத்தகம் போதும்

முதல் மூன்று மாதத்துக்கு இதற்கு மேல் வாங்காதீர்கள்.

ஒன்று, ஃபுளோரன்ஸ் பற்றிய ஒற்றைத் தொகுதி வரலாறு. 250 முதல் 350 பக்கம் இருந்தால் போதும். 1378-ஆம் ஆண்டில் கம்பளித் தொழிலாளர்கள் நடத்திய ‘சோம்பி’ கிளர்ச்சியில் தொடங்கி 1530-இல் குடியரசு விழுவது வரை வந்தால் சரியான அளவு. கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யலாம்: சொல்லடைவில் ‘கதாஸ்தோ’ இருக்கிறதா, கம்பளி, பட்டு வணிகச் சங்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அரண்மனைக் கொலைகளையும் விருந்துகளையும் மட்டும் சொல்லும் நூல். படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் ஓவியங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. வரைபடமும் குடும்ப மரமும் இல்லாத நூலையும் தள்ளி வைத்துவிடலாம்.

இரண்டு, பொதுவான கலை வரலாறு. 1950-இல் வந்த கோம்பிரிக்கின் ‘கலையின் கதை’ இன்றும் தொடக்கக்காரர்களுக்கு நல்ல துணை. ஆனால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். 15-ஆம் நூற்றாண்டு அத்தியாயங்களை மட்டும் இரண்டு முறை படியுங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று, மைக்கேல் பாக்ஸாண்டலின் நூல், 1972. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் ஓவியமும் அனுபவமும் பற்றியது. இருநூறு பக்கத்துக்கும் குறைவு. ஓவியத்தை யார் கேட்டார்கள், என்ன விலை பேசினார்கள், அந்தக் கால ஆள் அதை எப்படிப் பார்த்தார் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சிறிய நூல் அரிது. மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

பூர்க்ஹார்ட் 1860-இல் எழுதிய மறுமலர்ச்சி நூலைப் பலர் முதலில் படிக்கச் சொல்வார்கள். அது பெரிய நூல்தான், மறுமலர்ச்சி என்று நாம் இன்று மனதில் வைத்திருக்கும் படத்தையே அதுதான் பெருமளவு உருவாக்கியது. அதனாலேயே அதைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. எதிர்த்துக் கேட்கக் கொஞ்சம் செய்தி கையில் சேர்ந்த பிறகு படித்தால்தான் அதன் பலமும் பலவீனமும் தெரியும்.

வாங்கும்போது பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். மறுபதிப்பு ஆண்டு புதிதாக இருக்கும், படங்கள் பழையவையாக இருக்கும். சிஸ்டைன் ஆலயச் சுவரோவியங்களைச் சுத்தம் செய்தது 1980 முதல் 1994 வரை. மிலானில் உள்ள ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தின் சீரமைப்பு 1999-இல் முடிந்தது. அதற்கு முந்தைய புகைப்படங்களில் சிஸ்டைன் கூரை புகை படிந்த பழுப்பாகத் தெரியும். அதை வைத்து மைக்கேலாஞ்சலோ மங்கலான நிறங்களை விரும்பினார் என்று முடிவு கட்டினால் மெழுகுவர்த்திப் புகையையும் பழைய பசையையும் பற்றி எழுதியதாகிவிடும்.

பைண்டிங்கையும் கவனியுங்கள். ஃபாரம் ஃபாரமாகத் தைத்த புத்தகம் தட்டையாக விரியும். வெறும் பசை போட்டு ஒட்டியதை விரித்தால் நடுவில் மடிப்பு விழும், இரண்டு பக்கத்துக்கு நீளும் படத்தில் முகமே அந்த மடிப்புக்குள் போய்விடும். முதுகின் மேல்முனையைப் பார்த்தால் மடித்த தாள்களின் வளைவு வரிசையாகத் தெரிய வேண்டும். ஆர்ட் பேப்பர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒட்டிவிட்டால் பிரிக்கும்போது படம் உரிந்து வந்துவிடும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மூன்று கிலோவுக்கு மேல் உள்ளதை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள்.

காசு செலவில்லாமலும் நிறையப் படிக்கலாம். நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகமும் கெட்டி நிறுவனமும் தங்கள் பழைய பட்டியல் நூல்கள் பலவற்றை இலவசமாகத் தரவிறக்கத் தருகின்றன. ஓவியர்களின் வாழ்க்கைகளை எழுதிய வசாரியின் நூலுக்கு வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு பத்துத் தொகுதியும் பதிப்புரிமை தீர்ந்து, குட்டன்பர்க் திட்டத்தில் கிடைக்கிறது.

படத்துக்குக் கீழே உள்ள வரி

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் அந்தப் பொடி எழுத்து வரியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வரைந்தவர், தலைப்பு, ஆண்டு, எதனால் எதன் மேல் வரைந்தது, அளவு, இப்போது இருக்கும் இடம் என்ற வரிசையில் வரும்.

ஆண்டுக்கு முன்னால் புள்ளி வைத்த ‘சி’ எழுத்து இருந்தால் ‘ஏறக்குறைய’ என்று பொருள். ‘பட்டறை’ என்றால் ஆசிரியரின் மேற்பார்வையில் உதவியாளர்கள் வரைந்தது. ‘வழிவந்தவர்’ என்றால் அந்தப் பாணியைப் பின்பற்றிய வேறொருவர். பெயருக்கு முன் ‘ஆஃப்டர்’ என்று மட்டும் இருந்தால் அது நகல். டெம்பெரா என்பது முட்டை மஞ்சள்கருவில் குழைத்த நிறம். சீக்கிரம் உலரும், அதனால் நிழலைப் பூச முடியாமல் மெல்லிய கோடு கோடாகப் போட்டிருப்பார்கள். எண்ணெய் மெதுவாக உலரும், நிறங்களை ஒன்றுக்குள் ஒன்று கரைக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு ஒரு கன்னத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த முறை என்று உங்களுக்கே பிடிபடும்.

அளவைக் கட்டாயம் உணர வேண்டும். புத்தகத்தில் மோனாலிசாவும் மசாச்சோவின் ‘திரித்துவம்’ ஓவியமும் ஒரே பக்க அளவில்தான் இருக்கும். மோனாலிசா 77 × 53 செ.மீ. ‘திரித்துவம்’ ஆறரை மீட்டருக்கும் மேல் உயரம், இரண்டு மாடி வீட்டின் சுவர். டேப் வைத்துச் சுண்ணக்கட்டியால் சுவரில் 77 × 53 குறித்துப் பாருங்கள். கையால் தூக்கிப் போகக்கூடிய பொருளுக்கும், அண்ணாந்து நின்று தொழ வேண்டிய சுவருக்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

நோட்டுப் புத்தகம்

வரலாற்று நூலையும் கலை நூலையும் மாற்றி மாற்றிப் படியுங்கள், ஒரு அமர்வுக்கு 25 பக்கம். நோட்டில் இடப்பக்கம் அரசியல், வலப்பக்கம் கலை, நடுவில் ஆண்டு. 1478: இடப்பக்கம் ஏப்ரல் 26, பேராலயத்தில் பாத்சி குடும்பத்தாரின் சதி, லொரென்சோவின் தம்பி ஜூலியானோ கொலை. வலப்பக்கம், தூக்கிலிடப்பட்ட சதிகாரர்களைச் சுவரில் வரைய பொத்திச்செல்லிக்கு 40 ஃபுளோரின் (ஃபுளோரன்ஸின் தங்க நாணயம்). இன்று அது இல்லை. அடுத்த ஆண்டு தூக்கில் தொங்கிய இன்னொரு சதிகாரரை லியோனார்டோ வரைந்து, உடையின் நிறங்களை ஓரத்தில் குறித்து வைத்த தாள் மட்டும் இருக்கிறது. 1494: மெதிச்சி வெளியேற்றம். வலப்பக்கம், அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டிலிருந்த தொனாத்தெல்லோவின் தாவீது சிலை அரசு மாளிகைக்குப் போகிறது. இப்படி ஐம்பது வரி சேர்ந்தால் அது எந்தப் பாடநூலையும் விட உங்களுக்கு உதவும்.

ஓர் ஓவியத்தை முழுதாக

இரண்டாம் மாதத்தில் ஒரே ஓவியத்தோடு ஒரு வாரம் இருங்கள். தொடங்க ஏற்றது தொமேனிகோ கிர்லாந்தாயோவின் ‘ஞானிகளின் வணக்கம்’, 1488. அதன் ஒப்பந்தம் பாக்ஸாண்டல் நூலில் முழுதாக இருக்கிறது.

1485 அக்டோபர் 23 அன்று எழுதிய ஒப்பந்தம். கேட்டவர் இன்னொசெந்தி என்ற அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் தலைவர். கூலி 115 பெரிய ஃபுளோரின், மாதம் மூன்று ஃபுளோரினாக, நவம்பர் 1 முதல். முப்பது மாதத்தில் முடிக்க வேண்டும், தவறினால் 15 ஃபுளோரின் தண்டம். முப்பது மாதத்துக்கு மூன்று வீதம் போட்டால் 90 தான் வருகிறது. மீதி 25 கடைசிவரை கொடுப்பவர் கையில் நிற்கும். வேலை 115-க்குத் தகுமா என்று மதிப்பிடும் உரிமையும் ஒப்பந்தத்தை எழுதிய துறவியிடமே இருந்தது. ஓவியர் தாளில் போட்டுக் காட்டிய வரைவின்படி தன் கையாலேயே வரைய வேண்டும், நிறமும் பொன்துகளும் அவர் செலவு. நீலம் மட்டும் அவுன்ஸ் நான்கு ஃபுளோரின் மதிப்புள்ள அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும்.

ஏன் நீலத்துக்கு மட்டும் விலை எழுதினார்கள்? அந்த நிறம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் எடுத்த லாபிஸ் லசுலிக் கல்லை அரைத்துச் செய்தது. அரைத்த பொடியைப் பலமுறை அலசி எடுப்பார்கள். முதலில் வருவது உயர்ந்த ரகம், பின்னால் வருவது சாம்பல் கலந்தது. ஓவியர் மலிவான ரகத்தைப் பூசிவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். மொத்தக் கூலியும் 29 அவுன்ஸ் நீலம் வாங்கக்கூடக் காணாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வரியின் கனம் புரியும். ஃபுளோரினை இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயலாதீர்கள். அது மூன்றரை கிராம் தங்கம் என்றாலும், தங்கத்தின் விலையும் கூலியும் ஒன்றுக்கொன்று இருந்த விகிதம் அன்று வேறு. அந்தக் காலத்துப் பொருளை அந்தக் காலத்துப் பொருளோடுதான் ஒப்பிட வேண்டும்.

இப்போது ஓவியத்துக்கு வாருங்கள். நடுவில் குழந்தை இயேசுவோடு மரியாள், சுற்றி ஞானிகள். முன்னால் இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகள் மண்டியிட்டிருக்கிறார்கள், உடம்பில் வெட்டுக் காயம். பின்னணியில் ஏரோது மன்னனின் வீரர்கள் பச்சைக் குழந்தைகளைக் கொல்கிறார்கள். ஞானிகள் வணங்கும் காட்சியில் இது பொதுவாக வராது. இங்கே வந்த காரணம், இந்தப் பலகை நின்ற இடம். கைவிடப்பட்ட சிசுக்களைப் பட்டு வணிகச் சங்கத்தின் செலவில் வளர்த்த இல்லம் அது. பெயரே ‘மாசில்லாக் குழந்தைகள்’. அந்த வளைவு மண்டபத்தைப் புருனெல்லெஸ்கி 1419-இல் தொடங்கினார். அங்கே வளர்ந்த பிள்ளைகள் தொழும்போது கண்ணெதிரே தங்களைப் போன்ற இரு குழந்தைகள் இயேசுவுக்கு மிக அருகில் இருந்தார்கள். ஓவியம் இன்றும் அதே கட்டடத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இந்த இல்லத்துக்கு வரும் ‘மருத்துவமனை’ என்ற சொல்லை இன்றைய பொருளில் படித்தால் இது எதுவும் பிடிபடாது.

வசாரியைப் படிக்கும் முறை

ஓவியர்களின் வாழ்க்கைகளை ஜார்ஜோ வசாரி 1550-இல் வெளியிட்டு, 1568-இல் பெரிதாக்கினார். படிக்காமல் இருக்கக் கூடாது, அப்படியே நம்பவும் கூடாது. ஆந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ பொறாமையால் தொமேனிகோ வெனெசியானோவைக் கொன்றதாக எழுதுகிறார். ஆவணப்படி ஆந்திரேயா 1457-இல் கொள்ளைநோயில் இறந்தார், தொமேனிகோ 1461-இல். கொலையுண்டதாகச் சொல்லப்பட்டவர் நான்காண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கிறார். வசாரி முதலாம் கோசிமோவிடம் வேலை பார்த்தவர் என்பதையும், ஃபுளோரன்ஸே எல்லாவற்றிலும் முதல் என்று காட்ட விரும்பியவர் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் கண்ணால் பார்த்து விவரித்த ஓவியங்கள், குறிப்பாகப் பிறகு அழிந்துபோனவை, விலைமதிப்பில்லாதவை. கேள்விப்பட்டு எழுதிய நூறாண்டுக்கு முந்தைய கதைகளுக்கு வேறு சான்று தேடுங்கள். குறிப்புரை உள்ள பதிப்பாக வாங்குவது இதற்காகத்தான்.

அங்கிருந்து ஐரோப்பாவுக்கு

மூன்றாம் மாதம் வெளியே வரலாம். அதற்கான பாலத்தை வங்கியே போட்டுத் தந்திருக்கிறது. மெதிச்சி வங்கியின் ப்ரூஜ் கிளையை நடத்திய தொம்மாசோ போர்தினாரி, ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸிடம் மூன்று பலகைகள் இணைந்த ஒரு பெரிய ஓவியம் கேட்டு வாங்கினார். அது 1483 மே மாதம் கப்பலில் வந்து ஃபுளோரன்ஸில் இறங்கியது. எண்ணெயில் வரைந்த அந்த ஆட்டிடையர்களின் முரட்டுக் கைகளையும் வெயிலில் அடிபட்ட முகங்களையும் உள்ளூர் ஓவியர்கள் வியந்து பார்த்தார்கள். இரண்டே ஆண்டில், 1485-இல், கிர்லாந்தாயோ அதே வங்கியின் தலைமை நிர்வாகி சஸ்ஸெத்தியின் குடும்பச் சிற்றாலயத்துக்கு ‘இடையர்களின் வணக்கம்’ வரைந்தார்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடையர்களை மட்டும் பாருங்கள். எந்தக் கை, எந்த முகம், எந்த மண்டியிடல் வடக்கிலிருந்து வந்தது என்று நோட்டின் வலப்பக்கத்தில் எழுதுங்கள். இடப்பக்கத்தில் ப்ரூஜ் கிளை ஏன் நொடித்தது என்று எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பர்கண்டி டியூக் துணிச்சல்கார சார்லஸுக்குக் கொடுத்த கடன்களைப் பற்றிப் படிக்க வேண்டும். உங்கள் நான்காவது புத்தகம் ஃபிளாண்டர்ஸ் பற்றியதாக இருக்கட்டும்.